தறியோடு வந்தவர்கள்

காஞ்சியைக் கோயில் நகரம் என்றும் பட்டு நகரம் என்றும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டு பெயரும் அவ்வூர் மண்ணிலிருந்து தாமே முளைத்தவை போல நாவில் புரள்கின்றன. ஆயின் காஞ்சிப் பட்டில் காஞ்சி மண்ணுக்கே உரியது எது எனப் பிரித்துப் பார்க்கப் புகுந்தால் வியப்புத்தான் மிஞ்சும். பட்டு நூல் பெரும்பாலும் கன்னட நாட்டிலிருந்து வருகிறது. சரிகை நெடுங்காலமாகச் சூரத்து நகரிலிருந்து வந்தது. பட்டு நெசவை இங்கே வேரூன்றச் செய்தவர்கள் என்று மரபு சுட்டும் தேவாங்கரும் சாலியரும் தெலுங்கு நாட்டிலிருந்து, விசயநகர வேந்தர் காலத்தில் வந்து குடியேறியவர்கள். ஊருக்கென எஞ்சுவன, பாலாற்று நீர் சாயத்துக்கு ஒளியூட்டும் என்ற பழைய நம்பிக்கையும், வந்தவர்களை இருத்திக்கொண்ட தெருக்களுந்தாம். 2005ஆம் ஆண்டில் இப்பட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நிலத்தின் பெயரால் கிடைத்த அப்பெருமை, உண்மையில் நிலம் பெயர்ந்து வந்த கைகளுக்குக் கிடைத்த பெருமையே ஆகும்.

புலம்பெயர்தல் என்றவுடன் பஞ்சமும் போரும் வறுமையுமே நம் நினைவில் முந்தி நிற்கின்றன. பிழைப்புத் தேடிப் போனவர்களின் கண்ணீரைத் தமிழ்க் கவிதை நிறையவே பாடியிருக்கிறது. கைத்திறனை முதலாகக் கொண்டு, அழைப்பின் பேரில், நிபந்தனை பேசி ஊர் மாறியவர்களின் வரலாறு வேறு. அவ்வரலாற்றை அத்துணை விரிவாக யாரும் பாடவில்லை. அது பெரும்பாலும் செப்பேடுகளிலும் வரிக் கணக்குகளிலும் கிடக்கிறது. திறனாளி ஊர் மாறும்போது யார் யாரை வேண்டி நிற்கிறார்கள், எது திறன் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்னும் இரு வினாக்களோடு அக்கணக்குகளைப் புரட்டினால், காஞ்சியின் பழைய தெருக்களுக்கும் இன்றைய ஐரோப்பாவின் குடியேற்றச் சட்டங்களுக்கும் இடையே எதிர்பாராத உறவு ஒன்று புலப்படும்.

தமிழ் இலக்கியத்தில் இதற்குச் சான்று இல்லாமற் போகவில்லை. மணிமேகலையின் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதையில், சோழ மன்னனுக்குரிய மண்டபம் ஒன்றைச் சமைத்தவர்கள் யார் யார் எனச் சாத்தனார் கூறுகிறார். மகத நாட்டு வினைஞர், மராட்டியக் கம்மியர், அவந்தி நாட்டுக் கொல்லர், யவனத் தச்சர் ஆகியோர் தமிழ் வினைஞரோடு கூடி அப்பணியைச் செய்தனர் என்பது செய்தி. ஒவ்வொரு நாட்டாருக்கும் ஒரு தொழிலை உரிமையாக்கிச் சொல்லியிருப்பது நோக்கத்தக்கது. அயலார் என்னும் அச்சமோ இளப்பமோ அங்கே இல்லை. மண்டபத்தின் சிறப்பைச் சொல்லவே அவர்கள் பெயர் எடுக்கப்படுகிறது. அக்காப்பியத் தலைவி தன் நெறியின் முடிவைக் காண்பது காஞ்சியில் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

காஞ்சி அந்நாளில் திறனாளரை வரவேற்றது மட்டுமன்று, அனுப்பியும் வைத்தது. நாளந்தாவின் தலைமை ஆசிரியராக விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பதை, 7ஆம் நூற்றாண்டில் தென்னாடு பற்றி எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங் குறித்து வைத்திருக்கிறார். தண்டி இளமையில் போராலும் பஞ்சத்தாலும் காஞ்சியை விட்டு நீங்கி, நாடெங்கும் அலைந்து, அமைதி திரும்பியபின் மீண்டு வந்ததை அவந்திசுந்தரி கதையின் முன்னுரைப் பகுதி உணர்த்துகிறது. அறிவை வெளியே அனுப்பிய ஊர் கைத்திறனை உள்ளே வாங்கிக்கொண்டது எனலாம்.

நெசவாளர் குடிப்பெயர்வுக்கு இந்தியாவில் கிடைக்கும் சான்றுகளுள் மிகப் பழையதும் மிக அழகியதும் தமிழகத்துக்கு வெளியே இருக்கிறது. மத்தியப் பிரதேசத்து மந்தசோர் கல்வெட்டு அது. குசராத்தின் தென்பகுதியான இலாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் குழு ஒன்று தசபுரம் எனப்பட்ட அவ்வூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கி.பி. 437ஆம் ஆண்டையொட்டிக் கதிரவனுக்கு ஒரு கோயில் எடுத்தது. கோயில் சிதைந்தபோது, 36 ஆண்டுகள் கழித்து அதே குழு அதனைப் புதுப்பித்தது. அந்நிகழ்ச்சியைப் பாட்டில் வைக்க அக்குழு அமர்த்திய புலவர் வத்சபட்டி. குப்தர் காலத்துப் பெருங்கல்வெட்டுகள் பலவும் அரசர் புகழ் பாடுவன. இதுவோ நெசவாளர் தம் கைப்பொருள் கொடுத்துத் தமக்காகப் பாடச் செய்தது. புலவர்க்கு இதைவிடப் பெருமையான புரவலர் அமைவது அரிது.

அக்கல்வெட்டு தரும் செய்திகளுள் இரண்டு மனத்தைவிட்டு அகலாதவை. அவர்கள் அந்நாட்டு அரசரின் குணத்தைக் கேள்வியுற்று முதலில் மனத்தால் அங்கே போனார்கள், பிறகுதான் மக்களோடும் சுற்றத்தோடும் வழித்துன்பம் பாராது உடலால் போய்ச் சேர்ந்தார்கள் என்கிறது ஒரு செய்தி. வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் எவரும் இதன் உண்மையை அறிவர். பயணச்சீட்டு கைக்கு வருமுன்பே மனம் போய்விடுகிறது. மற்றொரு செய்தி அதனினும் ஆழமானது. புதிய ஊரில் எல்லாரும் தறியிலேயே இருந்துவிடவில்லை. சிலர் வில்வித்தையில் தேர்ந்தனர். சிலர் கதை சொல்வதில் வல்லவராயினர். சிலர் சோதிடம் பயின்றனர். சிலர் சமயப் பேச்சில் ஈடுபட்டனர். சிலர் போர்வீரர் ஆயினர். நெசவைத் தொடர்ந்தவர்களும் இருந்தனர். இவ்வனைவரையும் அக்குழு தன்னவர் என்றே எண்ணிப் பெருமையோடு குறித்தது. தறியை விட்டவன் குலத்தை விட்டவன் என்று அந்தப் பாட்டு எங்கும் குறைகூறவில்லை.

பிற்காலத்தில் தேவகிரி, விசயநகரம் வழியாகத் தெற்கே வந்து மதுரை, கும்பகோணம், சேலம் முதலிய ஊர்களில் நிலைத்த பட்டுநூல்காரர் எனப்படும் சௌராட்டிரரை இம்மந்தசோர் குழுவோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. இரு சாராரும் குசராத்து நெசவாளர் என்ற ஒற்றுமை கவர்ச்சியானதே. ஆயினும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அவ்விடைவெளியை நிரப்பச் சான்று போதாது. ஐயமின்றித் தெரிவது, அவர்கள் தம் மொழியை வீட்டுக்குள் காத்துக்கொண்டே தமிழகத்தின் நெசவில் கலந்தனர் என்பதாகும். வந்த இடத்தில் தமக்குரிய நிலை எது என்பதற்கும் அவர்கள் வாதாட வேண்டியிருந்தது. மதுரையில் இராணி மங்கம்மாள் ஆட்சிக்காலத்தில் (1689 - 1706) அவர்கள் உபாகருமச் சடங்கு செய்யும் உரிமை வழக்காகி, சாத்திரம் அறிந்தோர் அவையில் ஆராயப்பட்டு, அவர்களுக்குச் சார்பாக முடிந்தது. வேலை கிடைத்தாலும் மதிப்பு உடன் கிடைத்துவிடுவதில்லை. அதற்குத் தனியாகப் போராட வேண்டும்.

காஞ்சிக்குத் திரும்புவோம். உத்தம சோழனின் 16ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியது. கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலின், அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலின், வருவாய்க்கும் செலவுக்கும் திட்டம் செய்யும் ஆவணம் அது. நகரத்தின் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளராகிய பட்டசாலிகள் அக்கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பைப் பெற்றிருந்ததை அது காட்டுகிறது. கோயிலுக்குத் துணி நெய்து கொடுத்துவிட்டுத் தெருவோரம் ஒதுங்கி நின்றவர்கள் அல்லர் அவர்கள். கோயிலும் நெசவும் காஞ்சியில் அருகருகே இருப்பது தற்செயல் என்று எண்ணுவோர் இச்செப்பேட்டை ஒருமுறை படிக்க வேண்டும். நெசவாளனை ஊரில் நிலைக்கச் செய்த தளையே கோயில்தான்.

அத்தளை ஒருதலையானது அன்று. திருமடைவிளாகம் எனப்பட்ட கோயில் சுற்றுத் தெருக்களில் வந்து குடியேறும் நெசவாளர்க்குச் சில காலம் வரி நீக்கியும் பின்னர்க் குறைந்த வரி விதித்தும் ஆணையிட்ட கல்வெட்டுகள், சோழர் காலத்தின் பின்னும் விசயநகரக் காலத்திலும் தொண்டை மண்டலத்தில் கிடைக்கின்றன. தறியிறை, தறிக்கடமை என்னும் சொற்கள் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. வரி மிகுந்தபோது நெசவாளர் என்ன செய்தனர்? ஊரைவிட்டுப் போயினர். உழவனால் நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக இயலாது. நெசவாளனால் தறியைக் கழற்றிக்கொண்டு போக இயலும். அதுவும் கூடாவிடில் கையை மட்டும் கொண்டுபோனாலும் போதும். வெளியேறியவர்களை வரி குறைத்து மீண்டும் அழைத்ததற்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. 1429ஆம் ஆண்டில் வலங்கையாரும் இடங்கையாரும் வேற்றுமை மறந்து ஒன்றுகூடி வரிக்கொடுமையை எதிர்த்ததைக் காவிரி நாட்டுக் கல்வெட்டுகள் பேசுகின்றன. இத்தகைய எதிர்ப்புகளுக்கு வலுவூட்டிய கருவிகளுள் ஊர் நீங்குதலும் ஒன்று.

பொருள் சலுகையோடு நின்றதா எனில், இல்லை. தண்டு ஏறிச் செல்லவும் சங்கு ஊதவும் உரிமை வேண்டும் என்று கைக்கோளர் கேட்டனர். காஞ்சிபுரத்துக் கைக்கோளர் அவ்வுரிமையை முன்னரே பெற்றிருந்தனர். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு ஊர்க் கைக்கோளர்க்கு அது வழங்கப்பட்டபோது, காஞ்சியின் முறையே எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டது. பல்லக்கும் சங்கும் இன்று நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். தன் திருமணத்தில் தான் எவ்வாறு தெருவில் போக வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமை அது. கூலிக்கு நிகராக அதைக் கேட்டுப் பெற்றவர்களின் தன்மானத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் தெரிஞ்ச கைக்கோளர் என்னும் படைப்பிரிவுகள் காணப்படுவதால், மந்தசோரில் கண்டதுபோல் தறியும் வாளும் இங்கும் அயலான பொருள்களாக இருக்கவில்லை எனத் தெரிகிறது.

இதே வாணிகத்தின் இதே பேரம் ஐரோப்பாவிலும் நடந்தது. பட்டு நெசவின் வரலாறே அங்கே திறனாளர் இடம்பெயர்ந்த வரலாறுதான். 1147ஆம் ஆண்டில் சிசிலி மன்னன் இரண்டாம் ரோசர் கிரேக்க நகரங்களின்மேல் படையெடுத்து, பட்டு நெசவாளரைச் சிறைபிடித்துப் பலெர்மோவுக்குக் கொண்டுபோனான். அது வன்முறை. 1331ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு பிளாண்டர்சு நாட்டு நெசவாளர் ஒருவருக்குக் காப்பு முறி வழங்கி, அவருடைய ஆட்களோடு வந்து தொழில் செய்யவும் கற்பிக்கவும் இடந்தந்தான். அது அழைப்பு. 1536ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சுவா இத்தாலியரான எத்தியேன் துர்க்கேக்கு இலியோன் நகரில் பட்டுத் தொழில் நடத்தச் சலுகை கொடுத்தான். வெனிசு அரசோ தன் கண்ணாடித் தொழிலாளரை முரானோத் தீவில் இருத்தி, மறைபொருளோடு வெளியேறுவோரைத் தண்டிக்கச் சட்டம் வகுத்தது. கூப்பிடுவதும் பூட்டி வைப்பதும் ஒரே அச்சத்தின் இரண்டு முகங்களே.

1685ஆம் ஆண்டு அக்டோபரில் பதினான்காம் லூயி, சீர்திருத்தக் கிறித்தவரான யூகனோத்துகளுக்கு முன்னர் வழங்கப்பட்டிருந்த நான்டு ஆணையை விலக்கினான். அவர்கள் நாட்டை விட்டுப் போவதையும் தடை செய்தான்; அகப்பட்ட ஆடவர் படகுத் துடுப்பில் பிணிக்கப்பட்டனர். அதே மாத இறுதியில் பிராண்டன்பர்க்கு ஆட்சியாளன் பிரடரிக்கு வில்லியம் போட்சுடாம் ஆணையை வெளியிட்டு, வருவோர்க்கு வரி விலக்கும் பாழடைந்த வீடுகளும் கட்டுமானப் பொருளும் தருவதாக அறிவித்தான். சுமார் 20,000 பேர் அங்கே போயினர். அதனினும் பெரிய தொகையினர் இங்கிலாந்தை அடைந்தனர். அவர்களுள் பட்டு நெய்வோர் பலர் இலண்டனின் கிழக்கே இசுபிட்டல்பீல்ட்சுப் பகுதியில் தறி நாட்டினர். திருமடைவிளாகத்து வரிச் சலுகையையும் போட்சுடாம் ஆணையையும் அருகருகே வைத்துப் படித்தால், எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்களோ என்று ஐயம் எழும்.

அங்கே குடியேறியவர்களின் அடுத்த தலைமுறை நடந்துகொண்ட விதம் நமக்கு இனிப்பாக இராது. 1719ஆம் ஆண்டில் இசுபிட்டல்பீல்ட்சு நெசவாளர் தெருவில் இறங்கி, இந்தியப் பருத்தி அச்சுத்துணி உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தனர். சோழ மண்டலக் கரையிலிருந்து போன துணிகளும் அவற்றுள் அடங்கும். 1721ஆம் ஆண்டுச் சட்டம் அத்துணியை உடுப்பதையே பெரும்பாலும் தடுத்துவிட்டது. அடைக்கலம் தேடி வந்தவர்களின் வழிவந்தோரும் கலந்திருந்த அக்கூட்டம், தான் ஒருநாளும் காணாத தமிழ் நெசவாளனின் சோற்றில் கைவைத்தது. கைத்திறன் மனிதரை இணைக்கும் என்ற பொதுப்பேச்சை இந்நிகழ்ச்சி சற்றே தயங்க வைக்கிறது.

இக்காலத்தில் சென்னையும் நெசவாளரை அழைத்துக்கொண்டிருந்தது. 1734ஆம் ஆண்டில் ஆளுநர் மார்ட்டன் பிட்டு கூவம் வளைந்து செல்லும் இடத்தில் நூற்போர், நெய்வோர், துணியில் ஓவியம் தீட்டுவோர் ஆகியோருக்காக ஒரு குடியிருப்பை அமைத்தார். சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். அதுவரை கும்பினியும் பழைய அரசர் வழியிலேயே நடந்தது. முன்பணம் கொடுத்து, இடம் கொடுத்து, வேண்டி அழைத்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகரிடம் போகும் உரிமை நெசவாளனுக்கு இருந்தது. பிரசன்னன் பார்த்தசாரதி 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளனின் பேர வலிமை இங்கிலாந்துத் தொழிலாளனின் வலிமைக்குக் குறைந்ததன்று, பல வகையில் மிகுந்தது என வாதிடுகிறது. அரசியல் அதிகாரம் கைக்கு வந்தபின் கும்பினி அவ்வுரிமையை முறித்தது. பிறருக்கு நெய்வதும் இடம் மாறுவதும் தண்டனைக்குரியவை ஆயின. ஆலைத்துணி வந்து நம் தறியை அழித்தது என்றே நாம் சொல்லிவருகிறோம். ஆலைத்துணி வருமுன்பே நெசவாளனின் கால் கட்டப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறையாகும்.

இன்றைய ஐரோப்பாவில் அக்கட்டு அவிழ்ந்திருக்கிறது. ஆனால் எல்லார்க்கும் அன்று. 1957ஆம் ஆண்டு உரோம் உடன்படிக்கை, உறுப்பு நாட்டுத் தொழிலாளர் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குத் தடையின்றிப் போய் வேலை செய்யும் கொள்கையை வகுத்தது. மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், மகப்பேற்றுச் செவிலியர், மருந்தாளுநர், கட்டடக் கலைஞர் ஆகிய ஏழு தொழிலாரின் அடிப்படைத் தகுதிகள் நாடு விட்டு நாடு தாமாகவே ஏற்கப்பட 2005ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. வெளிநாட்டார்க்கென 2009ஆம் ஆண்டில் நீல அட்டை முறை பிறந்து, 2021ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. பட்டம் வேண்டும், வேலை ஒப்பந்தம் வேண்டும், குறிப்பிட்ட அளவுக்குக் குறையாத ஊதியம் வேண்டும். இவை இருந்தால் ஒரு நாட்டில் 12 மாதம் பணியாற்றியபின் இன்னொரு நாட்டுக்கு மாறிக்கொள்ளலாம். பட்டத்துக்கு ஈடாகப் பட்டறிவை ஏற்கும் துறையும் உண்டு. அது தகவல் தொழில்நுட்பம். காஞ்சியிலிருந்து புறப்படும் பொறியாளர் ஒருவர் இம்முறையில் செருமனிக்கும், அங்கிருந்து நெதர்லாந்துக்கும் போக இயலும். அவருடைய தந்தை தறியில் நாற்பதாண்டு இருந்தவராயினும் அதே வாயிலில் அவர் திறனாளி ஆகார். எட்வர்டு மன்னனின் காப்பு முறி கையைப் பார்த்தது. நீல அட்டை தாளைப் பார்க்கிறது.

பட்டத்தை இகழ்வதற்காக இதைச் சொல்வதன்று. தறிக்குழியில் கால் நீட்டி முதுகு வளைந்தவர்கள் தம் மக்கள் அக்குழியில் இறங்கவேண்டாம் என்று எண்ணியதில் நியாயம் இருக்கிறது. முன்பணக் கடனுக்காகச் சிறுவர்கள் தறியில் அமர்த்தப்பட்ட கொடுமையைக் காஞ்சி அறியாததன்று. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது முதல் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் ஆலைகள் எழுந்து, மாதச் சம்பளம் என்னும் உறுதியைக் காட்டி இளைஞர்களை அழைத்தன. போனவர்களைப் பழிப்பது, தெலுங்கு நாட்டிலிருந்து காஞ்சிக்கு வந்த அவர்களின் முன்னோரையே பழிப்பதாகும். வேறுபாடு ஒன்றுண்டு. முன்னோர் தறியோடு வந்தனர். இவர்கள் திறனாளர் என்று பெயர் பெறுவதற்கே தறியை விட்டுவிட வேண்டியிருக்கிறது.

இசுபிட்டல்பீல்ட்சில் யூகனோத்துகள் 1743ஆம் ஆண்டில் கட்டிய வழிபாட்டு மனை இன்றும் நிற்கிறது. பின்னர் அது மெதடிசத் திருச்சபையாயிற்று. 1898ஆம் ஆண்டில் யூதர் தொழுகை மனையாயிற்று. 1976ஆம் ஆண்டு முதல் வங்காள முசுலிம்களின் பள்ளிவாசலாக இருக்கிறது. வந்தவர் மாறினும் வழிபாடு ஓயவில்லை. தறி ஓசை மட்டும் அத்தெருவில் எப்போதோ ஓய்ந்துவிட்டது. காஞ்சியில் கோயில்கள் ஓயா. பிள்ளையார்பாளையத்தில் இன்னும் தறி ஓடும் வீடுகள் இருக்கின்றன. அங்கே நெய்யப்படும் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் ஊடு நூலால் பிணைக்க மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவரின் இரு கைகளுக்கு அது அடங்காது. கரை நாடாவை எறிந்து கொடுக்க அருகே இன்னொருவர் அமர வேண்டும். வழிவழியாக அவ்விடத்தில் அமர்ந்து தொழில் கற்றவர் அவ்வீட்டுப் பிள்ளை. இப்போது அவ்விடத்தில் பெரும்பாலும் மனைவி அமர்கிறார். அவரும் இல்லாத வீட்டில் கோர்வையை விட்டுவிட்டு ஒரே நிறக் கரையை நெய்கிறார்கள்.